ஆர்.வி. ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடும்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

இந்த நேரத்தில் உங்கள் ஆர்.வி.க்குள் (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் பயண வண்டி) கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்துக்கொண்டிருந்தால், அல்லது உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால், படிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நாய், பூனை இருந்தால் அவற்றையும். ஜெனரேட்டர் சுவிட்ச் கதவோரம் இருந்தால் போகிற போக்கில் அணைக்கலாம்; அதற்காக மறுபடி உள்ளே போகாதீர்கள். வெளியே வந்ததும் ஆட்களை எண்ணுங்கள். யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, குழப்பம், நெஞ்சுவலி, மயக்கம் என்று எது இருந்தாலும் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, கார்பன் மோனாக்சைடு என்ற பெயரைச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் கருவியோடு வந்து அளந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பதும் கூடாது.

வெளியே பத்திரமாக இருக்கிறீர்கள், அல்லது பயணத்துக்கு முன்பே தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மேலே படிக்கலாம். இங்கே சொல்வது அமெரிக்காவில் ஓடும் மோட்டார்ஹோம், டிராவல் டிரெய்லர் வகை வண்டிகளைப் பற்றி. அவற்றில் ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் எல்லாம் ஓட வேண்டுமென்றால், முகாமில் மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஜெனரேட்டரைத்தான் போட வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு ஜெனரேட்டர் புகையில் வரும் நச்சு வாயு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. காற்றைவிடச் சற்றே இலேசானது, காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தீ விபத்துகளைக் கணக்கில் சேர்க்காமலே அமெரிக்காவில் ஆண்டுதோறும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறக்கிறார்கள்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவசர சிகிச்சைக்கு ஓடுகிறார்கள்.

ஜெனரேட்டர் வண்டிக்கு வெளியே, தனி அறையில்தானே இருக்கிறது, புகையும் வெளியேதானே போகிறது என்று தோன்றும். ஆனால் வெளியே போன புகை திரும்ப உள்ளே வர இரண்டே விஷயம் போதும்: ஒரு வழி, ஓர் இழுப்பு. வழி என்பது தரையில், சுவரில், ஜன்னலில் இருக்கும் ஏதோ ஒரு திறப்பு. இழுப்பு என்பது உள்ளே இருக்கும் ஃபேன் காற்றை வெளியே தள்ளுவதால் வரும் உறிஞ்சல், அல்லது காற்றடிக்கும் திசை. பெரும்பாலானவர்கள் வழியை மட்டும் தேடி அடைக்கிறார்கள். இழுப்பை யாரும் கவனிப்பதில்லை. கீழே சொல்லும் ஒவ்வோர் அறிகுறியிலும் இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

தலைவலி, குமட்டல், அசதி. ஆனால் காய்ச்சல் இல்லை

ஃப்ளூ வருவதுபோல இருக்கும், உடம்பு மட்டும் சுடாது. கொலராடோவிலோ யெல்லோஸ்டோனிலோ இருந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்போம். பாலைவனத்தில் இருந்தால் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று நினைப்போம். குழந்தைக்கு என்றால் வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவோம். ஆபத்தே இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் மூன்றுமே நம்பும்படியான காரணங்கள்.

பிரித்தறிய நான் பார்ப்பது இவை. ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் ஆரம்பித்ததா? செல்லப் பிராணி சோர்ந்து படுத்திருக்கிறதா? வெளியே நடந்துவிட்டு வந்தவருக்குக் குறைந்து, உள்ளேயே இருந்தவருக்குக் கூடியதா? ஜெனரேட்டர் ஓடிய நேரமும் தலைவலி வந்த நேரமும் ஒத்துப்போகிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தாலே வெளியேறுங்கள். உறுதி செய்துகொள்வதற்காகத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இங்கே நம்பவே வேண்டாம். கோவிட் காலத்தில் வாங்கி வைத்தது பலர் பெட்டியில் இருக்கும். மாட்டிப் பார்த்தால் 98 என்று காட்டும், நிம்மதியாகிவிடுவோம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவு பார்த்தால்தான் தெரியும். அதனால் மருத்துவமனையில், "ஆர்.வி.யில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கார்பன் மோனாக்சைடு பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் மாத்திரையோடு அதே வண்டிக்குத் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு.

வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். வெளியே வந்து தலைவலி கொஞ்சம் குறைந்தவுடன் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாமல் இருக்க இதுவே காரணம். கர்ப்பிணிகள் அறிகுறி லேசாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் ரத்தத்திலிருந்து இது இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். சிலருக்கு உடம்பு தேறிச் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, குழப்பம், நடையில் தடுமாற்றம் வருவதும் உண்டு. அப்படி வந்தால் பழைய சம்பவத்தை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். சந்தேகம் கேட்க அமெரிக்காவில் எங்கிருந்தும் 1-800-222-1222 என்ற நச்சுத் தகவல் எண்ணுக்குப் பகலிரவு எந்நேரமும் பேசலாம்.

அலாரம் அடிக்கிறது: எந்த மாதிரி அடிக்கிறது?

நான்கு முறை பீப், சின்ன இடைவெளி, மறுபடி நான்கு முறை பீப்: இதுதான் கார்பன் மோனாக்சைடு. எழுந்து வெளியே போங்கள்.

அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை மட்டும் 'கீச்' என்றால் கருவி தன்னைப் பற்றிச் சொல்கிறது: பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது ஆயுள் முடிந்துவிட்டது. ஆர்.வி.யில் பெரும்பாலும் சமையல் கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் ஒரே பெட்டி பார்க்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அந்தப் பெட்டியைத் தரையோரமாக வைத்திருப்பார்கள். எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பயணத்தின் முதல் நாள் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்க முடியாது. கருவியின் பின்புறமோ பக்கவாட்டிலோ தயாரித்த தேதி இருக்கும். மாடலைப் பொறுத்து ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. முடிந்திருந்தால் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சத்தம் வந்தாலும் பயனில்லை. பொத்தான் சோதிப்பது மின்சுற்றையும் ஒலியையும், உள்ளே இருக்கும் உணரி வாயுவைப் பிடிக்கிறதா என்பதை அது சோதிப்பதில்லை.

அலாரம் அடிக்கவில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் இந்த அலாரங்களுக்கு யூ.எல். 2034 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி காற்றில் 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். 150 என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள். 70 என்றால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். 30 பிபிஎம் மட்டும் இருந்தால் நாள் கணக்கில் அடிக்கவே அடிக்காது, அடிக்கக் கூடாது என்பதே விதி. உடல் நலமுள்ள பெரியவருக்கு ஆபத்து வரும் முன் எழுப்பிவிட வேண்டும், சும்மா சும்மா அடித்துத் தொந்தரவும் செய்யக் கூடாது என்ற கணக்கில் போட்ட எல்லைகள் இவை. இதய நோயுள்ள அப்பா, கைக்குழந்தை, கர்ப்பிணி இவர்களுக்கு அந்த எல்லை மிகவும் தளர்வானது. அதனால் கட்டாய அலாரத்தோடு கூடவே, குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் சின்ன அளவுமானி ஒன்றைப் படுக்கையருகே வைப்பதை நான் வலியுறுத்துவேன். திரை இருக்கும் சாதாரண அலாரங்கள் பல 30-க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பூஜ்யம் என்றே காட்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டரே ஓடவில்லை, இருந்தும் அடிக்கிறதா? முதலில் வெளியே வாருங்கள், அப்புறம் யோசிக்கலாம். பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர், உங்கள் வண்டியைச் சூடேற்றும் ஃபர்னஸ், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ், மழைக்காக உள்ளே கொண்டுவந்து வைத்த கரி அடுப்பு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வெளிவரும். கார்பன் மோனாக்சைடு உணரி அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். கூடவே அழுகிய முட்டை நாற்றம் வரும், பேட்டரிப் பெட்டி தொட்டால் சுடும். அதுவும் ஆபத்தானதே: ஹைட்ரஜன் வெடிக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சார்ஜரையும் பேட்டரியையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சமைக்கும்போது அடிக்கிறது, மற்ற நேரத்தில் இல்லை

நம் வீடுகளில் இதை அடுப்புப் புகையால் வந்த பொய் அலாரம் என்று நினைத்து, துணியை எடுத்து விசிறிவிட்டு விட்டுவிடுவார்கள். சற்று நின்று கவனிக்க வேண்டிய அறிகுறி இது.

என்ன நடக்கிறது பாருங்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, குளிர் வெளியே போகாமல் இருக்க எல்லா ஜன்னலையும் சாத்தியிருக்கிறோம். கடுகு, மிளகாய் தாளிக்கிறோம். நெடி தாங்காமல் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனையும், கூரையில் இருக்கும் ஃபேனையும் முழு வேகத்தில் போடுகிறோம். இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அத்தனை காற்று போனால், ஈடுகட்ட அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. ஆகவே தரையில் குழாய் போகும் ஓட்டை, மின் கேபிள் போகும் துளை, ஸ்லைடு-அவுட்டின் (நிறுத்தியபின் வெளியே நீட்டும் பக்கப் பகுதி) மூலை, கதவின் அடிப்பக்கம் என்று கிடைக்கிற வழியில் எல்லாம் காற்று ஏறும். தரைக்கு அடியில் இருப்பதோ ஜெனரேட்டர் புகை.

இதில் ஏசி உதவும் என்று பலர் நம்புகிறார்கள். ஆர்.வி. கூரை ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடைப் படுக்கைவரை பரப்புகிற வேலையையும் அதே செய்யும்.

உங்கள் வண்டியில் இது நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஜெனரேட்டரும் என்ஜினும் அணைந்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வால்வை வெளியே போய் மூடுங்கள். பெட்ரோல் கேன், பேட்டரிப் பெட்டி பக்கத்தில் பத்தியைக் கொண்டுபோகாதீர்கள். எல்லா ஜன்னலையும் சாத்தி, சமையல் ஃபேன், கூரை ஃபேன் இரண்டையும் வெளியே தள்ளும் திசையில் முழு வேகத்தில் போடுங்கள். அவை பேட்டரியிலேயே ஓடும். இப்போது பத்தியைக் கொளுத்தி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்து, குழாய் தரைக்குள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். நேராக மேலே எழும் புகை திடீரென்று உங்களை நோக்கி வளைந்தால், அந்த ஓட்டை காற்றை உள்ளே ஊதுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்: கழிப்பறையின் அடி, கட்டிலுக்குக் கீழே சாமான் அறை, மின் கேபிள் சுருட்டி வைக்கும் பெட்டி, ஃப்ரிட்ஜின் ஓரம், வாட்டர் ஹீட்டரின் பின்பக்கம், ஸ்லைடு-அவுட்டின் நான்கு மூலை. வேன் மாதிரி முகப்புள்ள கிளாஸ் சி வண்டியில் முன் இருக்கைகளுக்கு நடுவே என்ஜின் மூடி இருக்கும். அதன் ரப்பர் பீடிங் வெடித்திருப்பது சகஜம்.

சோதனையின் இன்னொரு பாதியையும் விட்டுவிடாதீர்கள். மோசமாக ஊதிய ஓட்டை ஒன்றின் அருகே பத்தியைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஜன்னல் ஒன்றை நான்கு விரல் அளவு திறக்கச் சொல்லுங்கள். வளைந்திருந்த புகை நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபேனுக்கு வேண்டிய காற்று இப்போது ஜன்னல் வழியே வருகிறது, தரையிலிருந்து இழுக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

அதனால் ஓட்டைகளைச் சீலன்ட் வைத்து அடைப்பது ஒரு வேலை. பழக்கத்தை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை. ஜெனரேட்டர் ஓடும்போது வெளியே தள்ளும் ஃபேனைப் போடாமல் இருப்பதே முதல் வழி. தாளிக்க வேண்டியிருந்தால் பத்து நிமிடம் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத் தாளியுங்கள். கேஸ் அடுப்புக்கு அந்த மின்சாரம் தேவையில்லை, ஃபேன் பேட்டரியில் ஓடும், ஜன்னலையும் திறந்து வைக்கலாம். ஃபேனைப் போட்டே தீர வேண்டுமென்றால், புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசும்போது மட்டும். கூரை ஃபேனில் திசை மாற்றும் வசதி இருந்தால் உள்ளே தள்ளும்படி வைப்பது நல்லது. அப்போது வண்டிக்குள் அழுத்தம் சற்றே கூடி, ஓட்டைகள் வழியாக உள்காற்று வெளியே போகும்.

ஓடும் வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் மயக்கம்

அரிசோனா, நெவாடா வெயிலில் போகும்போது பின்பகுதிக்கு டாஷ்போர்டு ஏசி போதாது. ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓட்டிக்கொண்டே வண்டியை ஓட்டுவார்கள். தவறில்லை, அதற்கு வசதி செய்யப்பட்ட வண்டிகள்தான். ஆனால் ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து புகை அங்கேயே சுழன்று நிற்கும். பின் ஜன்னல் லேசாகத் திறந்திருந்தாலும் உள்ளே வந்துவிடும். பின்னால் விளையாடிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ வரும் குழந்தைகளுக்கே முதலில் பாதிப்பு.

பின் ஜன்னல்கள், படுக்கையறைக் கூரைத் திறப்பு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துங்கள். டாஷ்போர்டில் வெளிக்காற்று வரும் நிலையில் ஃபேனை வையுங்கள், முன்னாலிருந்து பின்னுக்குக் காற்று போகட்டும். குழந்தை "தலை வலிக்குதும்மா" என்று சொன்னால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இறக்கிவிடுங்கள். வளைவுப் பாதையில் வந்த குமட்டல் என்றால் அதுவும் இறங்கியதும் குறையும் என்பதால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஜெனரேட்டரை அணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பயணம்.

உள்ளே புகை நாற்றம், அல்லது ஜெனரேட்டர் சத்தம் திடீரென்று கூடியிருக்கிறது

நாற்றம் வந்தால் புகை வருகிறது என்பது நிச்சயம். வராவிட்டால் எதுவும் நிச்சயமில்லை, ஏனென்றால் நாற்றம் தருவது புகையில் உள்ள வேறு பொருட்கள்.

சத்தம் கூடியிருந்தால் சைலன்சரிலோ குழாய் இணைப்பிலோ கசிவு. ஜெனரேட்டரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் இணைப்பு, சைலன்சரிலிருந்து வால்குழாய்க்குப் போகும் கிளாம்ப், இந்த இரண்டு இடமும் முக்கியம். கசியும் இணைப்பைச் சுற்றிக் கரும்பொடி விசிறி விரித்த மாதிரி படிந்திருக்கும்; விரலால் தொட்டால் ஒட்டும். சைலன்சரின் அடிப்பக்கத்தில் துரு ஊறிச் சல்லடைபோல் ஆகியிருக்கலாம். தொங்கவிட்டிருக்கும் பட்டி அறுந்து குழாய் இறங்கியிருக்கலாம். மேடான பெட்ரோல் பங்க் வாசலிலோ மண் பாதையிலோ அடி இடித்த பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும்.

குழாயின் முனை வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒடிந்தோ வளைந்தோ வண்டிக்கு அடியிலேயே முடிந்திருந்தால், புகை அடித்தளத்தின் கீழ் தேங்கி மேலே சொன்ன எல்லா ஓட்டைக்கும் விருந்தாகும். டேப் சுற்றுவது, தகர டப்பாவை வெட்டிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பழுதான பாகத்தை மாற்றும்வரை ஜெனரேட்டரைப் போடாதீர்கள்.

கரும்புகை, பெட்ரோல் வாடை, திணறி ஓடுகிறது

எரிபொருள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போய் அரைகுறையாக எரிகிறது. கார்பன் மோனாக்சைடு பிறப்பதே அரைகுறை எரிதலில்தான். ஒழுங்காக ஓடும் ஜெனரேட்டரைவிட இது பல மடங்கு கக்கும்.

ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். யெல்லோஸ்டோன் ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,700 அடி. அந்தப் பூங்காவுக்குள் மின் இணைப்பு தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான் என்பதால், மற்ற இடங்களில் தங்குபவர்கள் பலர் ஜெனரேட்டரையே நம்புகிறார்கள். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டர் வைத்த ஜெனரேட்டர் சமவெளியில் கொடுத்த அளவு பெட்ரோலையே அங்கேயும் கொடுத்துக்கொண்டிருக்கும். கமின்ஸ் ஓனான் போன்றவற்றின் கார்புரேட்டர் மாடல்களில் உயரத்துக்கு ஏற்பத் திருப்பிவைக்கும் அமைப்பு இருக்கிறது. மலை ஏறியதும் திருப்பி வையுங்கள், இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தியும் குறையும். சமவெளியில் ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடியதே என்று அங்கேயும் இரண்டையும் போட்டால் திணறிக் கரும்புகை தள்ளும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் மட்டும் அலாரம்

வண்டியில் கோளாறு இல்லை, இடத்தில் இருக்கிறது. புகைக்குழாய் இருக்கும் பக்கம் சுவரோ, மேடோ, அடர்ந்த புல்லோ, பனிக் குவியலோ இருந்தால் புகை முட்டித் திரும்பும். காய்ந்த புல் என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் கூட. காற்று புகையை வண்டிமேல் தள்ளும்படி நிறுத்தியிருந்தாலும் இதே கதை. பக்கத்து வண்டியைப் பாருங்கள். அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனம் மாதிரி வரிசையாக நிற்கும் இடங்களில், அவருடைய புகைக்குழாய் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே இருக்கலாம். நேரில் போய்த் தன்மையாகச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் நகருங்கள். உங்கள் புகை யார் ஜன்னலுக்குப் போகிறது என்பதையும் சுற்றி வந்து பாருங்கள்.

குழாயின் முனையில் செங்குத்தாகப் பொருத்திப் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விடும் ஜென்டூரி போன்ற நீட்டுக்குழாய்கள் கிடைக்கின்றன. நின்றிருக்கும்போது மட்டும் மாட்ட வேண்டியவை. நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. யூட்டா - அரிசோனா எல்லையில் இருக்கும் லேக் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில், படகு வீட்டின் பின்தளத்துக்குக் கீழே தேங்கிய ஜெனரேட்டர் புகையில் அண்ணன் தம்பி இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தப் படகுகளை அளந்து பார்த்து, புகையை மேல்தளத்துக்கும் மேலே உயரக் குழாயில் கொண்டுபோனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் அளவு பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். ஆர்.வி.யிலும் அதே தத்துவம்தான். ஆனால் நீட்டுக்குழாய் மாட்டினால் கூரைத் திறப்புகளைச் சாத்த வேண்டும், கூரை ஃபேனை உள்ளே தள்ளும்படி வைக்கக் கூடாது. புகை இப்போது மேலே இருக்கிறது.

தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர் தானாக நின்றுபோகிறது

டிரெய்லர்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருப்பார்கள். புதிய மாடல்களில் கார்பன் மோனாக்சைடு உணரி இருக்கிறது. சுற்றிலும் 800 பிபிஎம் ஆனாலோ, பத்து நிமிடச் சராசரி 400 ஆனாலோ அணைந்துவிட வேண்டும் என்பது 2018-இல் வந்த தயாரிப்பாளர் சங்கத் தரவிதி. சிவப்பு விளக்கு எரிந்து நின்றால் அது கோளாறாக இருக்காது. புகை தேங்கும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். நிழற்கூரைக்கு அடியில், டிரக்கின் பின்பெட்டியில், மழைக்கு அட்டை சுற்றி என்று எங்கே இருந்தாலும் எடுத்துத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். உணரியை மறைத்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குறைந்தது 20 அடி தள்ளி, புகை எதிர்த்திசையில் போகும்படி வைக்க வேண்டும். அதற்கு ஏற்ற தடிமனுள்ள நீளமான கேபிளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கேபிள் நீளம் போதாமல்தான் பலர் ஜன்னலுக்கடியில் வைக்கிறார்கள். இன்னொன்று, அந்த உணரி இருப்பது ஜெனரேட்டரின் உடம்பில். புகை காற்றில் போய் உங்கள் ஜன்னலில் ஏறினால் அங்கே இருக்கும் உணரிக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் அலாரத்துக்கு அது மாற்றாகாது.

யாரும் போடாமலே ஜெனரேட்டர் ஓடுகிறது

பெரிய மோட்டார்ஹோம்களில் பேட்டரி இறங்கினாலோ உள்ளே சூடு ஏறினாலோ ஜெனரேட்டரைத் தானாகவே கிளப்பும் வசதி இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இதைப் பலர் சொல்வதில்லை. படுக்கப் போகும் முன் அதை அணைத்துவிட வேண்டும். கராஜுக்குள் நிறுத்தினாலும் அப்படியே. அலாரம் வேலை செய்தால் தூங்கலாம் என்று சில கையேடுகள் இடம் கொடுக்கின்றன. என் நிலைப்பாடு வேறு: ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் தூங்கக் கூடாது, பகல் தூக்கமும் கூடாது. தூங்குபவருக்குத் தலைவலி தெரியாது. தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் இரவில் ஜெனரேட்டர் ஓட்டத் தடையும் இருக்கிறது. வெயில் தாங்காது என்றால் அன்றைய இரவுக்கு மின் இணைப்புள்ள முகாமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு

ஓட்டையை அடைத்தாயிற்று, குழாயை மாற்றியாயிற்று என்றால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. எல்லோரும் வெளியே நிற்க, குறைந்த அளவையும் காட்டி உச்ச அளவை நினைவில் வைக்கும் அளவுமானியைப் படுக்கையில் வையுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு உச்ச அளவைப் பாருங்கள். அடுத்து, சமையல் ஃபேனையும் போட்டு இதையே இன்னொரு முறை செய்யுங்கள்; மோசமான நிலையில் எவ்வளவு ஏறுகிறது என்று அதில் தெரியும். முதல் சோதனையில் பூஜ்யமும் இரண்டாவதில் 20-ம் வந்தால் எங்கேயோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. ஊதுபத்தியை மறுபடி எடுக்க வேண்டியதுதான். இரண்டிலும் பூஜ்யம் வந்த பிறகு அந்த வண்டியில் குடும்பத்தோடு கிளம்பலாம்.